ரப்பர் கலந்தும் ஏன் உடையுது? மைனஸ் 253 டிகிரி குளிரில் விரிசல் விடும் எபாக்சி... தடுப்பது எப்படி?

1999 நவம்பர் 3. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், ஹன்ட்ஸ்வில் நகரில் உள்ள நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம். எட்டு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரு எரிபொருள் தொட்டியில் திரவ ஹைட்ரஜனை நிரப்பி சோதனை நடக்கிறது. உள்ளே வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். அழுத்தம் ஏற்றுகிறார்கள், பாரம் கொடுக்கிறார்கள். தொட்டி தாங்குகிறது. சோதனை முடிந்து ஹைட்ரஜனையும் வெளியே எடுத்தாச்சு.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு நினைத்த நேரத்தில்தான் அது நடந்தது. தொட்டி மெல்ல சூடாகத் தொடங்கியதும், ஒரு பக்கச் சுவரின் வெளித்தோல் உள்தோலை விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்தது.

அது எக்ஸ்-33 என்ற விண்கலத்துக்கான தொட்டி. ஒருமுறை ஏவினால் திரும்பி வந்து தரையிறங்கி, மறுபடியும் பறக்கக்கூடிய விண்கலத்தை உருவாக்க நாசாவும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய திட்டம். அந்த விண்கலம் ஒருமுறைகூட பறக்கவில்லை. 2001 மார்ச்சில் நாசா திட்டத்தைக் கைவிட்டது. அதற்குள் நாசா மட்டும் 90 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தது.

திட்டம் நின்றதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தொட்டி உடைந்ததற்கான காரணங்களில் முக்கியமானது, கண்ணுக்கே தெரியாத நுண் விரிசல்கள். அவை விழுந்த இடம் எபாக்சி ரெசின். வீட்டில் உடைந்த பொருளை ஒட்ட இரண்டு டியூபிலிருந்து பிதுக்கிக் கலக்குவோமே, அந்தப் பசையின் உறவுக்காரர்தான் இது.

அந்தத் தொட்டிக்கு அப்படி என்னதான் ஆச்சு?

தொட்டியின் சுவர் ஒரு சாண்ட்விச் மாதிரி கட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒரு தோல், வெளியே ஒரு தோல், நடுவில் தேன்கூடு போன்ற வெற்றறைகள். தோல் இரண்டும் கார்பன் இழைகளை எபாக்சியில் ஊறவைத்து, அடுக்கடுக்காக ஒட்டிக் கெட்டியாக்கியவை. உலோகத்தை விட எடை மிகக் குறைவு என்பதால்தான் இந்த முறை. ராக்கெட்டில் ஒவ்வொரு கிலோவும் காசு.

திரவ ஹைட்ரஜன் பட்டதும் உள்தோலில் நுண் விரிசல்கள் விழுந்தன. அந்த விரிசல்கள் வழியாக ஹைட்ரஜன் நடுவில் உள்ள தேன்கூடு அறைகளுக்குள் கசிந்தது. வெளிப்பக்கத்திலிருந்தும் நைட்ரஜன் வாயு உள்ளே இழுக்கப்பட்டு, குளிரில் உறைந்து அங்கேயே தங்கிவிட்டது. குளிராக இருக்கும்வரை சிக்கல் வெளியே தெரியவில்லை.

தொட்டியைக் காலி செய்ததும் கதை மாறியது. உள்ளே மாட்டிக்கொண்டவை சூடாகி வாயுவாக மாறின. திரவ நைட்ரஜன் அறை வெப்பநிலைக்கு வந்தால் சுமார் 700 மடங்கு இடத்தைப் பிடிக்கும். வெளியேற வழியில்லாத அந்த வாயு, சுவரையே பிளந்துவிட்டது. ஒட்டு எதிர்பார்த்த அளவு வலுவாக இல்லாததும், தயாரிப்பில் இருந்த குறைகளும் சேர்ந்துகொண்டன.

அதாவது, தொட்டி உடைந்தது சூடாகும்போது. ஆனால் அதற்கான வழி திறந்தது குளிரில்.

எபாக்சினா என்ன?

எபாக்சி என்பது இரண்டு பொருள்களைக் கலந்து உருவாக்கும் பிளாஸ்டிக். ஒன்று ரெசின், இன்னொன்று அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர். கலக்கும் வரை ரெண்டும் கூழ் போல இருக்கும். கலந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டு, முப்பரிமாணத்தில் ஒரு பெரிய வலையாக மாறிவிடும். அதன்பிறகு சூடாக்கினாலும் உருகாது.

சாதாரண பிளாஸ்டிக் வாளியில் உள்ள மூலக்கூறுகள் நூல்கண்டு மாதிரி. ஒன்றின் மேல் ஒன்று சிக்கியிருக்கும், இழுத்தால் வழுக்கி நகரும். எபாக்சியில் அந்த நூல்கள் எல்லாம் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருக்கும். நகர முடியாது. அதனால்தான் எபாக்சி அவ்வளவு கெட்டி. சிக்கலும் அதே முடிச்சில்தான் இருக்கிறது.

கெட்டியான பொருள் ஏன் உடையுது?

கெட்டியாக இருப்பதும், விரிசலைத் தாங்குவதும் வேறு வேறு குணங்கள். கண்ணாடி கெட்டியானது, ஆனால் சின்ன கீறல் விழுந்து ஒரு தட்டு தட்டினால் இரண்டாகப் பிளக்கும். தோல் செருப்பு கண்ணாடி அளவுக்குக் கெட்டி கிடையாது, ஆனால் ஓரத்தில் கிழிந்தாலும் மாதக்கணக்கில் உழைக்கும்.

விரிசல் முன்னேற வேண்டுமானால் அதற்கு சக்தி வேண்டும். விரிசலின் நுனியில் பொருள் கொஞ்சம் இழுபட்டு, நெளிந்து கொடுத்தால் அந்த சக்தி அங்கேயே செலவாகிவிடும். விரிசல் நின்றுவிடும். எபாக்சியில் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால் நெளிந்து கொடுக்க வழியில்லை. ஒருமுறை விரிசல் கிளம்பினால் நேராக ஓடிவிடும்.

அறிவியல் கண்காட்சிகளில் ரோஜாப் பூவை திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து மேஜையில் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பூ கண்ணாடித் துண்டுகளாகச் சிதறும். குளிர் அதிகமாக அதிகமாக மூலக்கூறுகளின் அசைவு அடங்கிவிடும். பூவில் உள்ள தண்ணீர் உறைவது போல எபாக்சியில் எதுவும் உறைவதில்லை. ஆனால் கொஞ்சநஞ்சம் இருந்த அசைவும் நின்றுபோவதால், அது இன்னும் கெட்டியாகும், அதேநேரம் இழுத்தால் நீளும் தன்மை குறையும்.

இதுல இன்னொரு வில்லன் இருக்கு: சுருக்கம்

விஷயம் நொறுங்கும் தன்மையோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். அதைவிடப் பெரிய தொல்லை, எபாக்சி சுருங்கும் அளவு.

ஒரு மீட்டர் நீளமுள்ள எபாக்சி பட்டையை அறை வெப்பநிலையிலிருந்து மைனஸ் 269 டிகிரிக்குக் கொண்டுபோனால், அது ஏறக்குறைய 11 முதல் 12 மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீளமுள்ள செம்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான் சுருங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஏறக்குறைய அதே அளவு. அலுமினியம் சுமார் 4 மில்லிமீட்டர். கார்பன் இழையோ, நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை.

இப்போது எபாக்சி இவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 11 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் உலோகமோ இழையோ விடாது. வெளியிலிருந்து யாரும் தொடாமலேயே எபாக்சி இழுபட்டு நிற்கும்.

இந்த இழுபறி அறை வெப்பநிலையில் தொடங்குவதுகூட இல்லை. விமானம், விண்கலத்துக்கான கார்பன் இழைப் பாகங்களை வழக்கமாக சுமார் 177 டிகிரி சூட்டில் வைத்துத்தான் கெட்டியாக்குகிறார்கள். பொருள் கெட்டியாகும் அந்த வெப்பநிலையில்தான் அது இழுபறி இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது. அங்கிருந்து மைனஸ் 253-க்குப் போனால் மொத்த இறக்கம் 430 டிகிரி. திரவ ஹைட்ரஜனை ஊற்றும் முன்பே, அறையில் சும்மா இருக்கும்போதே, தொட்டியின் சுவருக்குள் இழுபறி ஆரம்பித்திருக்கும்.

அப்போ ரப்பர் கலந்துட்டா போதாதா?

நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளுக்கும் முதலில் தோன்றியது இதுதான். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபிரெட்ரிக் மெக்கேரி குழுவினர், எபாக்சியோடு திரவ நிலையில் உள்ள ஒருவகை ரப்பரைக் கலந்து பார்த்தார்கள். சி.டி.பி.என் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரப்பர் அது.

கலக்கும்போது ரப்பர் எபாக்சியில் கரைந்துவிடும். எபாக்சி கெட்டியாகத் தொடங்கியதும் ரப்பர் தனியே பிரிந்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள குட்டிக் குட்டி உருண்டைகளாக எங்கும் பரவி நிற்கும். விரிசல் வரும்போது இந்த உருண்டைகள் இழுபட்டு உள்ளுக்குள் வெற்றிடம் விட்டுத் திறந்துகொள்ளும். சுற்றியுள்ள எபாக்சிக்கு நெளிய இடம் கிடைக்கும். விரிசலின் சக்தி அங்கேயே கரைந்துபோகும்.

பலன் பெரியது. நூறில் 5 முதல் 15 பங்கு ரப்பர் சேர்த்தாலே, சில ரக எபாக்சிகளில் விரிசலை நகர்த்தத் தேவைப்படும் சக்தி 10 மடங்குக்கும் மேல் கூடியது. இன்று கார், விமானம் என எங்கும் பயன்படும் உறுதியான ஒட்டுப்பசைகளின் அடிப்படை இந்த யோசனைதான்.

ஆனா மைனஸ் 253-ல ரப்பர், ரப்பரா இருக்காதே!

இங்கேதான் சிக்கல். ரப்பர் இழுபடுவது அதன் மூலக்கூறுகள் அசையும்வரைதான். ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு எல்லை வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே போனால் ரப்பரும் கண்ணாடி போல இறுகிவிடும். சி.டி.பி.என் ரப்பருக்கு ரகத்தைப் பொறுத்து அந்த எல்லை ஏறக்குறைய மைனஸ் 40 முதல் மைனஸ் 65 டிகிரிக்குள். குளிரைத் தாங்குவதில் பெயர் பெற்ற சிலிக்கோன் ரப்பருக்கே சுமார் மைனஸ் 120 டிகிரிதான். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196-ஐ எட்டும்போது, எந்த ரப்பரும் ரப்பராக இருக்காது.

குளிரில் ரப்பர் இறுகினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த ஒரு சாட்சி உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறி 7 பேர் உயிரிழந்தனர். காரணம், ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த ரப்பர் வளையம் அன்றைய காலைக் குளிரில் சரியாக விரிந்து கொடுக்காததுதான். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், கேமராக்களுக்கு முன்னால் அந்த ரப்பரை ஐஸ் தண்ணீர் குவளையில் முக்கி எடுத்து, அது பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை என்பதைக் காட்டினார். வெறும் ஐஸ் தண்ணீருக்கே அந்த நிலை.

அதனால் கடுங்குளிரில் ரப்பர் உருண்டைகள் சுத்தமாகப் பயனற்றுப் போகின்றன என்று சொல்ல முடியாது. ஆனால் அறை வெப்பநிலையில் கிடைத்த பலனில் பெரும்பகுதி அங்கே கிடைக்காது. எக்ஸ்-33 தொட்டியின் உள்தோலில் இருந்ததும் சாதாரண எபாக்சி அல்ல. விரிசலைத் தாங்குவதற்காக ஏற்கெனவே மேம்படுத்தப்பட்ட, விமானத் துறைக்கான ரகம்தான். அறை வெப்பநிலையில் வாங்கிய நல்ல பெயர் மைனஸ் 253-ல் உதவவில்லை.

சரி, என்னதான் வழி?

ஒரே ஒரு மருந்து இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைச் சேர்த்துத்தான் கையாளுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லாபமும் ஒரு விலையும் உண்டு.

1. முடிச்சுகளைத் தளர்த்துவது: எபாக்சி வலையில் முடிச்சுகளுக்கு இடையே நீளமான, வளையக்கூடிய மூலக்கூறுச் சங்கிலிகளைச் செருகுவது. பாலிஈதர் வகை ஹார்டனர்கள் இதற்குப் பயன்படுகின்றன. இந்தச் சங்கிலிகளின் சின்னச் சின்ன பகுதிகள் கடுங்குளிரிலும் ஓரளவு இழுபட்டுக் கொடுக்கும். விலை? இந்த ரக எபாக்சி சூட்டைத் தாங்காது. வெயிலில் நிற்கும் பாகத்துக்கு இது சரிவராது, எப்போதும் குளிரிலேயே கிடக்கும் காந்தத்துக்கு ஓகே.

2. சுருக்கத்தைக் குறைப்பது: சிலிக்கா, அலுமினா போன்ற கல் தூள்களை எபாக்சியில் கலப்பது. தூள் அதிகம் சுருங்காது. தூளின் பங்கு கூடக் கூட மொத்தக் கலவையின் சுருக்கமும் குறைந்து, செம்பு, அலுமினியம் அளவுக்கு நெருங்கிவிடும். இழுபறியே குறைந்தால் விரிசலுக்கு வேலை ஏது? விலை: கலவை மாவு போல கெட்டியாகிவிடும். மெல்லிய கம்பிகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் பாயாது.

3. நானோ துகள்: அதே சிலிக்காவை மில்லிமீட்டரில் லட்சத்தில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 20 நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கிக் கலப்பது. கலவை ரொம்பவும் கெட்டியாகாமல், விரிசலின் சக்தியை உறிஞ்சும் இடங்கள் கோடிக்கணக்கில் கிடைக்கும். விலை: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டினால், அந்தக் கட்டியே விரிசல் தொடங்கும் இடமாகிவிடும்.

4. ரப்பருக்குப் பதில் உறுதியான பிளாஸ்டிக்: பாலிஈதர்சல்போன், பாலிஈதரிமைடு போன்ற பிளாஸ்டிக்குகளை எபாக்சிக்குள் சேர்ப்பது. இவை ரப்பர் போல இழுபடுவதை நம்பி வேலை செய்வதில்லை. விரிசலை வளைத்துத் திருப்பியும், இரு கரைகளையும் பாலம் போல இழுத்துப் பிடித்தும் தடுக்கின்றன. அதனால் குளிரில் மொத்தமாகக் கைவிடுவதில்லை. விலை: இவையும் கலவையைக் கெட்டியாக்கும், பக்குவமாகக் கரைக்க வேண்டும்.

5. எபாக்சியைத் தனியே விடாமல் இருப்பது: அனுபவம் சொல்லும் பாடம் இது. இழை இல்லாமல் ரெசின் மட்டும் தேங்கி நிற்கும் மூலைகளில்தான் முதல் விரிசல் விழும். அங்கே கண்ணாடி இழைத் துணியை வைத்து நிரப்பிவிட்டால், விரிசல் விழுந்தாலும் அடுத்த இழையில் முட்டி நிற்கும்.

இவை தவிர, குறைந்த சூட்டில் கெட்டியாக்குவது, மெதுவாகக் குளிர்விப்பது என்று செய்முறையிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். வேகமாகக் குளிர்வித்தால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி உள்பக்கத்தை இறுக்கும். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதல் கருவியைக் குளிர்விக்கவே வாரக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

எப்படி டெஸ்ட் பண்றாங்க?

எளிமையான ஒரு சோதனை உண்டு. உலோக நட் அல்லது வாஷரை அச்சில் வைத்து, அதைச் சுற்றி எபாக்சியை ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். பிறகு திரவ நைட்ரஜனில் முக்குவது, வெளியே எடுத்து சூடாக விடுவது, மறுபடியும் முக்குவது. எத்தனையாவது முறையில் விரிசல் தெரிகிறது என்று எண்ணுவார்கள். உலோகமும் எபாக்சியும் வெவ்வேறு அளவு சுருங்குவதால் வரும் இழுபறியை இது நேரடியாகக் காட்டிவிடும்.

இன்னும் துல்லியமாக அளக்க, எபாக்சிக் கட்டையில் கூர்மையான கீறல் போட்டு, குளிரிலேயே வைத்து இழுத்து, எந்த பாரத்தில் விரிசல் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். திரவ ஹீலியம் விலை அதிகம் என்பதால் முதல்கட்ட சோதனைகள் பெரும்பாலும் திரவ நைட்ரஜனில்தான். எபாக்சியின் சுருக்கத்தில் பெரும்பகுதி மைனஸ் 196-க்குள்ளேயே முடிந்துவிடுவதால், இது ஓரளவு நம்பகமான வடிகட்டி.

ஸ்கேன் மெஷினுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இது ராக்கெட் சமாசாரம் மட்டும் இல்லை. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கும்போது நம்மைச் சுற்றி இருப்பது ஒரு மீக்கடத்திக் காந்தம். அதன் கம்பிச் சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகிறது. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே கிடையாது. கம்பிகள் அசையாமல் இருக்க, சுருளை எபாக்சி அல்லது மெழுகில் ஊறவைத்து இறுக்குவார்கள்.

கம்பி ஏன் அசையக் கூடாது? பொருள்கள் சூட்டை ஏற்கும் திறன் கடுங்குளிரில் அடியோடு குறைந்துவிடும். மைனஸ் 269-ல் செம்பைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அறை வெப்பநிலையில் தேவைப்படுவதில் ஏறக்குறைய 4,000-ல் ஒரு பங்குதான். அதனால் கம்பி மயிரிழை அளவு நகர்ந்தாலோ, பக்கத்தில் எபாக்சியில் ஒரு நுண் விரிசல் விழுந்தாலோ, அதில் வெளிப்படும் துளி வெப்பமே அந்த இடத்தை சூடாக்கிவிடும். அங்கே மின்தடை திரும்பி வரும், அதனால் இன்னும் சூடு, பக்கத்து இடமும் சூடு என்று நொடிகளில் முழுக் காந்தமும் மீக்கடத்தும் தன்மையை இழந்துவிடும். இதற்குப் பெயர் 'குவென்ச்'.

புதிய காந்தங்களை முதல்முறை இயக்கும்போது இப்படி சில முறை நடப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் மின்சாரத்தைத் தாங்கப் பழகும். இதை காந்தத்துக்கு 'டிரெய்னிங்' என்றே சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ காந்தங்களுக்கு இந்தப் பயிற்சி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும்.

செர்னின் அடுத்தகட்ட மேம்பாட்டுக்காகத் தயாராகும் நையோபியம்-டின் காந்தங்களில் இது இன்னும் பெரிய தலைவலி. இந்த மீக்கடத்தியே நொறுங்கும் பொருள். சுருளாகச் சுற்றி, சுமார் 650 டிகிரியில் வேகவைத்து, பிறகு எபாக்சியில் ஊறவைத்தால்தான் கையாளவே முடியும். நொறுங்கும் கம்பிக்கு நொறுங்கும் பசை காவல்!

பசையே வேண்டாம்னு சொல்லும் ஆய்வாளர்கள்

இதில் சுவாரஸ்யமான திருப்பம் ஒன்றும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் பால் ஷெரர் இன்ஸ்டிடியூட்டும் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகமும் சேர்ந்து, சின்ன மாதிரிச் சுருள்களை வெவ்வேறு பொருள்களில் ஊறவைத்துப் பார்த்தன. எபாக்சியில் ஊறியவை வழக்கம்போல பயிற்சி கேட்டன. மெழுகுவத்தி செய்யும் பாரஃபின் ரக மெழுகில் ஊறியவையோ கிட்டத்தட்ட பயிற்சியே இல்லாமல் முழு மின்சாரத்தையும் தாங்கின.

மெழுகு பலவீனமானது. அது கம்பியை இறுக்கிப் பிடிப்பதில்லை. அதனால் இழுபறி பெரிதாகச் சேர்வதற்கு முன்பே சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் பெரிய காந்தத்துக்குள் உருவாகும் அசுர விசையைத் தாங்க மெழுகு மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. விசை தாங்க எபாக்சி, விட்டுக்கொடுக்க மெழுகு: இரண்டுக்கும் நடுவில் ஒரு பொருளைத் தேடித்தான் ஓட்டம்.

அணுக்கரு இணைவு உலைகளில் இன்னொரு நிபந்தனையும் சேரும். பிரான்ஸில் கட்டப்படும் ஐட்டர் உலையின் 18 பிரம்மாண்டக் காந்தச் சுருள்கள் குளிரோடு கதிர்வீச்சையும் தாங்க வேண்டும். அதனால் அங்கே எபாக்சியோடு சயனேட் எஸ்டர் என்ற ரெசினைக் கலந்து பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எக்ஸ்-33-க்கு அப்புறம் என்ன நடந்தது?

இழை-எபாக்சி தொட்டி கனவை நாசா விட்டுவிடவில்லை. போயிங் நிறுவனம் செய்த 5.5 மீட்டர் விட்டமுள்ள தொட்டியை 2014-ல் அதே மார்ஷல் மையத்தில் சோதித்தார்கள். சுமார் ஒரு லட்சம் லிட்டர் திரவ ஹைட்ரஜன். இந்த முறை தாங்கியது.

மாறியது ரெசின் மட்டும் அல்ல. இழை அடுக்குகளில் ஒரு பகுதியை வழக்கத்தில் ஏறக்குறைய பாதி தடிமனுக்கு மெலிதாக்கினார்கள். அடுக்கு மெலிதானால் விரிசல் வளர இடம் கிடைக்காது, ஒரு அடுக்கில் விழுந்த விரிசல் அடுத்த அடுக்கின் விரிசலோடு சேர்ந்து கசிவுப் பாதையாக மாறுவதும் கடினம். விரிசலே விழாத எபாக்சியைத் தேடுவதை விட, விழும் விரிசலை வளரவிடாத சுவரைக் கட்டுவது எளிது என்ற கணக்கு.

இதற்கு நேர் எதிராக முடிவெடுத்தவர்களும் உண்டு. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் தன் ராட்சத ராக்கெட்டுக்கு முதலில் கார்பன் இழைத் தொட்டியைத்தான் செய்து பார்த்தது. பிறகு அதைக் கைவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறியது. விலை குறைவு, கடுங்குளிரில் நொறுங்காமல் இன்னும் வலுவாகும் என்பவை அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. மறுபக்கம், ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் ராக்கெட் கார்பன் இழைத் தொட்டியில் மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டு 2018 ஜனவரியிலேயே சுற்றுப்பாதையை எட்டிவிட்டது. இரண்டு வழியும் இன்றுவரை பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்?

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில்தான் நம் கிரையோஜெனிக் இன்ஜின்கள் சோதிக்கப்படுகின்றன. சந்திரயான்-3-ஐ சுமந்து சென்ற எல்.வி.எம்-3 ராக்கெட்டின் மேல்கட்டமும் திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜனில்தான் இயங்குகிறது. அதன் தொட்டிகள் அலுமினியக் கலவையால் ஆனவை. குளிரில் நம்பகமானவை, ஆனால் எடை கூடுதல்.

மேல்கட்டத்தில் ஒரு கிலோ குறைந்தால், ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாக செயற்கைக்கோளை அனுப்பலாம். உலகில் யார் இந்தத் தொட்டிகளை இழை-எபாக்சிக்கு மாற்ற நினைத்தாலும், முதலில் பதில் சொல்ல வேண்டியது 1999-ல் எழுந்த அதே கேள்விக்குத்தான். ஹைட்ரஜனில் பறக்கும் விமானத்தைத் திட்டமிடும் ஏர்பஸ் போன்ற நிறுவனங்களுக்கும் இதே நிலைதான். ராக்கெட் தொட்டி ஒரு சில முறை குளிர்ந்து சூடானால் போதும். விமானத் தொட்டி ஆயிரக்கணக்கான முறை தாங்க வேண்டும்.

அதனால் ஒரு எபாக்சி 'ரொம்ப ஸ்ட்ராங்' என்று யாராவது சொன்னால், அடுத்து கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த வெப்பநிலையில்? அறையில் அளந்த உறுதி அறையில்தான் செல்லும். மைனஸ் 253-ல் செல்லுமா என்பதை அங்கேயே கொண்டுபோய், பலமுறை குளிர்வித்து, பலமுறை சூடாக்கி, விரிசலை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.